கலயத்திலிருந்து தொடங்குங்கள்: உருமாற்றும் மாயப் பானத்தைக் கதையில் உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிகுபுனைவு எழுத உட்காரும் பலரும் முதல் சில பக்கங்களிலேயே ஒரு மாயப் பானத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நாயகன் குடிக்கிறான், உடம்பு நடுங்குகிறது, கண் பொன்னிறமாகிறது, வேறு ஆளாக எழுந்து நிற்கிறான். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாசகருக்கும் மறந்துபோகிறது.

இதில் கற்பனைக் குறை எதுவும் இல்லை. பானத்துக்கு நிபந்தனை வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். எதைக் குடித்தால் என்ன ஆகும் என்பது பாதி வேலை. எவ்வளவு குடிக்க வேண்டும், யார் இறக்கியது, எந்தப் பாத்திரத்தில் இருந்தது, எதுவரை வேலை செய்யும், அதற்கான செலவு யார் தலையில் விழும் என்பதெல்லாம் மீதிப் பாதி. கதை அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

நான் மார்த்தாண்டம் பக்கத்து ஆள். இங்கிருந்து களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, கேரளம். அதனால் இந்த வழிகாட்டியில் வரும் மாதிரிப் பானத்தை இந்த எல்லை மண்ணிலிருந்தே எடுத்து, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் காட்டப் போகிறேன். நீங்கள் சித்தூரோ கம்பமோ செங்கோட்டையோ, உங்கள் ஊர்ச் சரக்கை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே மாறும் ஒரு நீரைக் கவனியுங்கள்

மந்திரத்தை யோசிப்பதற்கு முன்னால், மந்திரம் இல்லாமலே மாறும் பானங்களைப் பாருங்கள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். அதில் எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னாலேயே ஊதாவாகி, மேலும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். கேரளச் சாப்பாட்டுக் கடைகளில் சுடச்சுட வைக்கும், பதிமுகக் கட்டை போட்ட தண்ணீர் இளஞ்சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் மஞ்சளாக வெளுக்கும். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. அதே சேர்க்கையைத்தான் மலையாள நாட்டுக் கோயில்களில் குருதி என்று ரத்தத்துக்குப் பதிலாகப் படைக்கிறார்கள். எலுமிச்சையின் அமிலமும் சுண்ணாம்பின் காரமும் நிறமிகளை மாற்றும் வேதியியல் இது. ஆனால் பார்க்கிறவர் மனதில் எழும் வியப்பு வேதியியல் தெரிந்த பிறகும் குறைவதில்லை.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாயமாகத் தெரிவது பனைமரத்தில் கட்டிய கலயம். பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். சொட்டும் நீர் ஒன்றுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர். எங்கள் பக்கம் அக்கானி என்போம். குழந்தைக்குக் கொடுக்கலாம், காய்ச்சினால் கூப்பனி என்ற பாகாகக் குறுகும், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அது கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

இன்னொன்றும் சேர்கிறது. தெற்குத் திருவிதாங்கூர்க் கதைகளில் ஏழிலைப்பாலை மரத்தடியில் நிற்கும் யட்சி வழிப்போக்கனிடம் முதலில் கேட்பது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு. கள்ளைத் தடுப்பதும் மஞ்சளைச் சிவப்பாக்குவதும் யட்சி கேட்பதும் ஒரே பொருளாக இருக்கிறது. இப்படி ஒரு பொருள் உங்கள் ஊரிலும் இருக்கும். உப்பு, சாம்பல், புளி, வசம்பு, எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் படி. கொப்பரையில் பச்சைப் புகை கிளம்புவதாக எழுதுவதற்கு முன் இந்தத் தேடலுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

நம் மாதிரிப் பானத்துக்கு இப்போது பெயர் வைக்கலாம்: ஆள்மாறி அக்கானி. யட்சியிடமிருந்து வாங்கிய சுண்ணாம்பை ஒருவர் தன் கையால் கலயத்தில் பூசினால், அதில் இறங்கும் அக்கானியைக் குடிப்பவர் அந்தச் சுண்ணாம்பைப் பூசியவரின் உருவத்தை அடைவார். பழைய கதைகளின்படி யட்சியே சுண்ணாம்பு கேட்பவள். இங்கே அவள் கொடுக்கிறாள். பானத்தின் வேர் அந்தத் தலைகீழ் மாற்றத்தில் இருக்கிறது.

படி 2: உடம்பில் எதுவரை என்று தீர்மானியுங்கள்

பாற்கடலைக் கடைந்த கதையில் பானத்துக்கான இலக்கணமே இருக்கிறது. அசுரன் ஒருவன் தேவர் வரிசையில் மறைந்து உட்கார்ந்து அமுதம் வாங்கிக் குடிக்கிறான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, திருமாலின் சக்கரம் கழுத்தை அறுக்கிறது. அமுதம் அதற்குள் தொண்டை வரைதான் இறங்கியிருந்தது. அதனால் தலை மட்டும் சாகாமல் நிற்கிறது, ராகுவாக. அந்தப் பகையால் சூரியனையும் சந்திரனையும் விழுங்குகிறது, கீழே உடல் இல்லாததால் விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது. கிரகணம் ஏன் வருகிறது, ஏன் விடுகிறது என்ற இரண்டுக்கும் ஒரே நிபந்தனையிலிருந்து பதில் கிடைத்துவிட்டது. அதே கடலில் முதலில் வந்த ஆலகாலத்தை சிவன் குடிக்கிறார். அதுவும் தொண்டையிலேயே நின்று நீலமாகிறது. நஞ்சும் அமுதமும் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கதை சொன்னவர்கள் எல்லையைத் தெரிந்தே போட்டிருக்கிறார்கள்.

உங்கள் பானத்துக்கும் இப்படி ஒரு கோடு வேண்டும். ஆள்மாறி அக்கானிக்கு நான் போடும் கோடு இது: ஒரு மடக்கு குடித்தால் குரல் மட்டும் மாறும். அரைச் சிரட்டைக்கு முகம் மாறும். முழுச் சிரட்டை குடித்தால்தான் கை, கால், நடை எல்லாம். ஆக, அவசரத்தில் அரைகுறையாகக் குடித்தவர் பாட்டாவின் (எங்கள் பக்கம் தாத்தா) முகத்தோடும் பதினாறு வயதுப் பெண்ணின் கைகளோடும் நிற்க நேரும். இதை நான் யோசித்துச் சேர்க்கவில்லை. அளவைச் சொன்னதுமே தானாக வந்தது.

படி 3: அளவும் காலமும்

பாரதத்தில் துரியோதனன் நஞ்சு கொடுத்துக் கங்கையில் தள்ளிய பீமன் நாகலோகத்துக்குப் போகிறான். அங்கே அவனுக்குக் கொடுக்கும் ரசத்தில் ஒரு குண்டத்துக்கு ஆயிரம் யானை பலம். எட்டுக் குண்டம் குடிக்கிறான். குடித்ததும் வீரசாகசம் எதுவும் இல்லை. படுத்துத் தூங்குகிறான், எட்டாம் நாள்தான் எழுகிறான். குடித்தது செரிக்க வேண்டுமே! பலம் பெரிதென்றால் காத்திருப்பும் பெரிது. அந்த எட்டு நாளில் மேலே குந்தியும் சகோதரர்களும் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். பானத்தின் காலக் கணக்கு அப்படியே கதையின் பதற்றமாகிவிட்டது.

காலத்தை நாழிகை, மணி என்று எண்ணாமல் ஏதாவது ஒரு நிகழ்வோடு கட்டிவையுங்கள். மணிமேகலையில் காயசண்டிகை ஒரு முனிவருக்கான நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழுக்கும் கனி அது, முனிவர் உண்பதும் அப்போதுதான். அடுத்த கனி வரும்வரை அவளுக்குத் தீராப் பசி. சாபத்தின் நீளத்தை மரமே முடிவு செய்கிறது. ஆள்மாறிக்கு: அதே பனையின் கலயத்தில் அடுத்த சீவலின் முதல் சொட்டு விழும்வரை. காலையில் குடித்தால் மாலைவரை. பனையேறிக்குக் காய்ச்சல் வந்து அன்று மரம் ஏறாவிட்டால் குடித்தவர் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வைத்தியத்தில் இதற்கான சட்டகம் தயாராகவே இருக்கிறது. மருந்து, அதை எதோடு சேர்த்து உட்கொள்வது என்ற அனுபானம், பத்தியம், மண்டலக் கணக்கு. தேனோடு கொடுத்தால் ஒரு குணம், இஞ்சிச் சாற்றோடு கொடுத்தால் இன்னொன்று. கஷாயம் எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும் என்றால் நெருப்புப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இவ்வளவும் வீட்டிலேயே இருக்கும்போது, வேறு நாட்டு மந்திரவாதிகளின் கண்ணாடிக் குப்பிகளை நாம் கடன் வாங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 4: செலவு யாருடையது

இந்தப் படியில் நிதானமாக உட்காருங்கள். சாதாரணமாக எழுதுபவர்கள் குடித்தவரின் தலையிலேயே விலையைக் கட்டுவார்கள்: ஆயுளில் ஒரு வருடம் குறையும், ஒரு நினைவு அழியும். அது தவறில்லை, ஆனால் நிறையப் பார்த்துவிட்டோம். குடிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்று வைத்துப் பாருங்கள். கதைக்குள் உடனே ஊர் வந்துவிடும்.

ஆள்மாறி அக்கானி குடிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அது இறங்கிய பனையில் ஒரு பாளை கருகும். பாளை எல்லாம் கருகினால் மரம் செத்துவிடும். பனை நட்டுப் பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். மரத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏறுபவருக்கு ஒரு பனை போவது ஒரு பருவத்து வயிற்றுப்பாடு போவதுதான். இனி யார் குடித்தாலும், எவ்வளவு நல்ல காரணத்துக்காகக் குடித்தாலும், அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

யாருடைய அறிவு என்ற கேள்வியும் இதோடு ஒட்டி வரும். 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள் களைத்துப்போனபோது, வழிகாட்டிய காணிக்காரப் பழங்குடியினர் களைக்காமல் நடந்தார்கள். அவர்கள் மென்றுகொண்டிருந்தது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். பிறகு கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் வருவாய்ப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமானது. களைப்பு நீக்கும் ஒரு காட்டுக் காய், அதன் ரகசியம் தெரிந்த மக்கள், அதைக் கேட்டுப் பெற்றவர்கள், பங்கு பிரிப்பு. உங்கள் மாயப் பானத்தைக் காட்டிலிருந்து ஒரு முதியவர் 'கொடுத்தார்' என்று ஒரு வரியில் முடிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏன் கொடுத்தார்? திரும்ப என்ன பெற்றார்? சொன்ன பிறகு அந்தச் செடி அவர்கள் காட்டில் மிஞ்சியதா?

படி 5: சரக்கு தீரட்டும்

1886இல் வெளியான ஸ்டீவன்சனின் ஜெக்கில், ஹைட் கதையில், உருவம் மாற்றும் மருந்துக்கான உப்பு தீர்ந்துபோகிறது. புதிதாக வாங்கும் உப்பு எதுவும் வேலை செய்வதில்லை. முதலில் வாங்கிய உப்பில் இருந்த ஏதோ ஒரு கலப்படம்தான் மாற்றத்தைத் தந்தது என்று ஜெக்கில் கடைசியில் முடிவுக்கு வருகிறார். அந்தக் கலப்படம் என்னவென்று அவருக்கே தெரியாது. இதைவிட இறுக்கமான முடிச்சை நான் பார்த்ததில்லை. ஆள்மாறியில், சுண்ணாம்பு பூசியவர் இறந்துவிட்டால்? கலயத்தின் உட்சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைப் படலம் மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு முறை அக்கானி இறங்கும்போதும் அது கொஞ்சம் கரையும்.

படி 6: தவறான ஆள் குடிக்கட்டும்

யுவனாசுவன் என்ற அரசனுக்குப் பிள்ளை இல்லை. அரசி குடிப்பதற்காக முனிவர்கள் மந்திரித்து வைத்த நீரை, நள்ளிரவுத் தாகத்தில் அரசனே குடித்துவிடுகிறான். நீருக்கு ஆள் பேதம் தெரியாது. அவன் வயிற்றில் கரு உண்டாகி, விலா பிளந்து மாந்தாதா பிறக்கிறான். இன்னொரு கதையில், அசுரர்கள் கசனைக் கொன்று எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து அவனுடைய குரு சுக்கிராச்சாரியாருக்கே கொடுத்துவிடுகிறார்கள். சீடனை உயிர்ப்பித்தால் குரு சாவார், விட்டால் சீடன் போய்விட்டான். கடைசியில் வயிற்றுக்குள் இருக்கும் சீடனுக்கே உயிர்ப்பிக்கும் மந்திரத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அவன் பிளந்து வெளியே வந்து குருவை எழுப்புகிறான்.

இரண்டிலும் பானம் தன் விதியை மீறவில்லை. மனிதர்கள்தான் இடம் மாறி நின்றார்கள். உங்கள் விதி உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க இதுவே வழி: யாருக்காக வைத்தீர்களோ அவரைத் தவிர மூன்று பேரைக் குடிக்கவைத்து யோசியுங்கள். விதி உடைந்தால் மறுபடி முதல் படிக்குப் போங்கள்.

படி 7: கண்டுபிடிக்கவும் மீட்கவும் வழி

மாற்றுமருந்தை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள். கடைசி அத்தியாயத்தில் மலையுச்சியில் திடீரென ஒரு பூ கிடைப்பதை வாசகர் மன்னிப்பதில்லை. முதல் படியில் பார்த்த பொருளுக்குள்ளேயே விடை இருக்கும். ஆள்மாறியின் உயிர் சுண்ணாம்பு. அப்படியென்றால் குடித்தவரின் வியர்வையிலும் சுண்ணாம்பு இருக்கும். அவர் நெற்றியில் மஞ்சளைத் தொட்டு வைத்தால் சிவக்கும். மாட்டிக்கொண்டார். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்தச் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். ஒரு எலுமிச்சையைப் பிழிந்து குடிக்கவைத்தால் உருவமும் கலையும். சமையலறையில் உள்ளவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்கள். அரண்மனை மந்திரவாதிக்கு வேலையே இல்லை.

படி 8: குடிக்கும் காட்சியை எழுதுதல்

ஒளி, இடி, சுழல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நாக்கிலிருந்து தொடங்குங்கள். பிறகு தொண்டை, பிறகு எதிரில் இருப்பவரின் முகம். மாற்றத்தைக் குடித்தவர் உணர்வதைவிட, பார்ப்பவர் உணர்வது பலமாக வரும். என் வரைவிலிருந்து ஒரு துண்டு, இதில் கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசியவர் தங்கம்மையின் பாட்டா:

தங்கம்மை ஒரு மடக்கு குடித்தாள். இனிப்பு வந்தது, அதன் பின்னாலேயே சுண்ணாம்பின் காரல். நாக்கின் ஓரங்கள் சுருங்கின. "பாட்டி" என்று கூப்பிட வாயெடுத்தாள். "ஏ பிள்ளே" என்று வந்தது. அடுப்படியில் பாட்டியின் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. "இப்பம்தான் வாரியளா?" என்றாள். "இரியுங்க, வெற்றிலை மடிச்சித் தாறேன்."

கண் பொன்னிறமாகவில்லை. குரல் மட்டும் மாறியிருக்கிறது, ஏனென்றால் ஒரு மடக்குதான் குடித்தாள். முந்தைய படிகளில் போட்ட விதிகள் எல்லாம் இந்தச் சில வரிகளுக்குள் சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. விதிகளை வாசகருக்கு விளக்கிச் சொல்லும் பத்தி எங்குமே தேவையில்லை.

பேச்சில் ஊர் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாயப் பானம் வந்ததும் எல்லோரும் செந்தமிழுக்கு மாறிவிடும் கதைகள் உண்டு. பேத்தியை 'மக்ளே' என்று கூப்பிடும் பாட்டா, உருவம் மாறி வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

படி 9: சட்டமும் எல்லையும்

எங்கள் பக்கத்தில் இது வெறும் கற்பனை இல்லை. சுண்ணாம்பு பூசாத கலயம் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, களியக்காவிளைக்கு அப்பால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. 1956 நவம்பர் 1 வரை இந்த இரண்டு பக்கமும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. உங்கள் மாய உலகிலும் பானத்தை யார் தடுக்கிறார்கள், எந்தச் சாவடியில் சோதிக்கிறார்கள், எந்தப் பக்கம் அதற்கு வேறு பெயர் என்று தீர்மானியுங்கள். ஆள்மாறிக்குச் சோதனைச் சாவடியில் காவலர் கையில் ஒரு கிண்ணம் மஞ்சள் போதும்.

ஒரு எச்சரிக்கை

உண்மையான நஞ்சுச் செடிகளைப் பெயர், அளவு, பக்குவத்தோடு எழுதாதீர்கள். செங்காந்தள் பூ பார்க்க அழகு, அதன் கிழங்கு ஆளைக் கொல்லும். அரளியும் அப்படியே. பாதரசம் சேர்ந்த ரசவாதச் செய்முறைகளையும் கதைக்குள் செய்துபார்க்கும்படி வைக்க வேண்டாம். கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை முயன்றுபார்க்கக்கூடும் என்ற நினைவு எப்போதும் இருக்கட்டும். மாயத்தைச் செய்யும் சரக்கு மட்டும் கற்பனையாக இருக்கட்டும்: யட்சியின் சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. சுற்றி இருக்கும் கலயம், சிரட்டை, மஞ்சள், எலுமிச்சை எல்லாம் நிஜமாகவே இருக்கலாம்.

எழுதும் வரிசை

பானம் வேலை செய்யும் பக்கத்தை முதலில் எழுதாதீர்கள். அது வேலை செய்யாமல் போகும் பக்கத்தை எழுதுங்கள்: கலயத்துச் சுண்ணாம்பு கரைந்து தீர்ந்த நாள், பனையேறி ஏற மறுத்த நாள், யாரோ தெரியாமல் எலுமிச்சை ஊறுகாய் பரிமாறிய பந்தி. அப்புறம் செலவு கொடுத்தவர் வரும் பக்கம். இந்த இரண்டும் கையில் இருந்தால் முதல் மடக்கு குடிக்கும் காட்சிக்கு எத்தனை வரி வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததில் பாதிதான் தேவைப்படும். அதை எழுதியபின், கருகிய பாளைகளின் எண்ணிக்கை அத்தியாயத்துக்கு அத்தியாயம் சரியாக வருகிறதா என்று ஒரு தாளில் குறித்துச் சரிபாருங்கள். கதையில் ஒருவர் குடித்து மரத்தில் எதுவும் கருகாமல் விட்டுப்போன இடம் இருந்தால், அந்த இடத்தை மறுபடி எழுத வேண்டும்.